எண்ணெய்க் கறை பட்ட கைத்தையல் போர்வையை வீட்டிலேயே மீட்பது எப்படி?

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு. கால்பந்து பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று என் கணவர் மாமாக் கடையிலிருந்து (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ரொட்டி சானாய் பொட்டலம் கட்டி, அதாவது தாப்பாவ் செய்து, வந்தார். மீன் கறி கட்டியிருந்த பிளாஸ்டிக் பையின் ரப்பர் பேண்டு அவிழவில்லை. பல்லால் இழுத்தார். பை கிழிந்து கறி மொத்தமும் கட்டிலில். கட்டிலில் விரித்திருந்ததோ, என் மாமியார் தன் பழைய புடவைகளையும் தையல் கடை மிச்சத் துணிகளையும் சதுரம் சதுரமாக வெட்டி, 8 மாதம் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுத்த ஒட்டுப்போர்வை. மலாய்க்காரர்கள் 'செலிமுட் பெர்ச்சா' என்பார்களே, அந்த வகை.

பதற்றத்தில் நான் செய்த நான்கு காரியமும் தப்பு. ஈர டிஷ்யூவால் தேய்த்தேன். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் காசு போடும் டோபியில் சுடுதண்ணீர் சலவை போட்டு, 40 நிமிடம் டிரையரில் சுற்றவிட்டேன். உள்ளங்கை அளவுக் கறை இன்னும் மஞ்சளாக வெளியே வந்தது. கடைசியாக ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். கறை பாதி போய், அதைச் சுற்றி ஒரு வளையம் புதிதாகச் சேர்ந்து திரும்பியது. மொத்தம் நான்கு வார இறுதிகள், 100 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் செலவு. முறையாகச் செய்திருந்தால் 25 வெள்ளிக்குள், மூன்று நாளில் முடிந்திருக்கும்.

அந்த மூன்று நாள் வேலையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சட்டை, பாஜு குரோங் (மலாய்ப் பெண்கள் உடை), தலையணை உறை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். போர்வைக்குப் பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். கறி இப்போதுதான் கொட்டியது, படிக்க நேரமில்லை என்றால் முதல் படியைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

1. முதல் 10 நிமிடம்: தண்ணீர் வேண்டாம், மாவு போடுங்கள்

தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் அகலமாகும், ஆழமாகவும் இறங்கும். கறித்துண்டு, சம்பால், வெங்காயம் எது கிடந்தாலும் கரண்டியின் பக்கவாட்டால் வழித்து எடுங்கள். பிறகு வெள்ளை டிஷ்யூவையோ பழைய வெள்ளைத் துணியையோ வைத்து ஒற்றுங்கள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் புதுப் பக்கம். பூப்போட்ட டிஷ்யூவும் கலர் துணியும் வேண்டாம், அதன் சாயம் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் சோள மாவு. கடையில் 'தெப்போங் ஜாகோங்' என்று கேட்டால் தருவார்கள். நள்ளிரவில் அது இல்லையென்றால் குட்டிக்குரா பவுடர் போதும். கறை மறையும் அளவுக்குக் கனமாகக் கொட்டி, விரலால் லேசாக அழுத்திவிட்டு, சும்மா விடுங்கள். சட்டைக்கு அரை மணி நேரம். போர்வைக்கு இரவு முழுவதும். இடையில் மாவு மஞ்சளாகிக் கட்டி தட்டினால் உதறிவிட்டுப் புது மாவு போடுங்கள். நான் பிறகு ஒரு பழைய துணியில் வேண்டுமென்றே எண்ணெய் விட்டுச் சோதித்தேன். மூன்று முறை மாவு மாற்றியதிலேயே பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

கோதுமை மாவு போடாதீர்கள், ஈரம் பட்டால் பசையாகிவிடும். உப்பும் உதவாது, அது தண்ணீரை இழுக்கும், எண்ணெயை இழுக்காது.

ஏர்கோன் அறையில் இன்னொரு விஷயம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் அப்படித்தான். அறை 22 டிகிரியில் இருந்தால் கறை மெழுகு மாதிரி துணியில் உட்கார்ந்திருக்கும். அப்போது ஒற்றினால் ஒன்றும் வராது. முதலில் கரண்டியால் சுரண்டுங்கள். பிறகு ஏர்கோனை அணைத்துவிட்டு மாவு போடுங்கள்.

2. துணி எது, பஞ்சு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் வாங்கிய உடுப்பென்றால் உள்பக்கம் தைத்திருக்கும் சலவைக் குறிப்புச் சீட்டைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தால் தண்ணீரில் போடக்கூடாது என்று அர்த்தம். வட்டம் மட்டும் இருந்தால் டிரை கிளீன்.

கையால் தைத்ததில் சீட்டு ஏது? தைத்தவரைக் கேட்பதுதான் முதல் வழி. நான் வெட்கப்பட்டுக்கொண்டு என் மாமியாரைக் கேட்காமல் விட்டதில் ஒரு வாரம் வீண். கடைசியில் கேட்டபோது ஒரே மூச்சில் சொன்னார்: மேலே பருத்தியும் பாலியஸ்டரும், அடியில் பழைய பெட்ஷீட், நடுவில் மீட்டர் கணக்கில் வாங்கிய பருத்திப் பஞ்சு விரிப்பு.

கேட்க ஆளில்லையென்றால் தையல் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க்குக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பல் வந்தால் பருத்தி. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர்.

சாயச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஒவ்வொரு அடர்நிறச் சதுரத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு, மெரூன், கரும்பச்சை, கருநீலம் இவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அந்தப் போர்வையை முழுக்க நனைக்கக் கூடாது. மாவு போட்டுவிட்டுக் கடையில் கொடுப்பதுதான் அதற்கு வழி, படி 9-இல் பாருங்கள்.

உள்ளே இருப்பது இலவம்பஞ்சாக இருந்தால் இங்கேயே நில்லுங்கள். மலாயில் இதுதான் கெக்காபு. கெக்காபு தலையணை, கெக்காபு மெத்தை இன்னமும் பல வீடுகளில் உண்டு. இலவம்பஞ்சு தண்ணீரை விரட்டும், எண்ணெயை உறிஞ்சும். நீங்கள் ஊற்றும் சோப்புத் தண்ணீர் உள்ளே போவதே கஷ்டம். போனால் கட்டி கட்டியாகி, நம் ஊர் ஈரக்காற்றில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். தையலை ஒரு பக்கம் பிரித்து, எண்ணெய் பட்ட பஞ்சைக் கிள்ளி எறிந்துவிட்டு, உறையை மட்டும் துவைத்துத் திரும்பத் தையுங்கள். அதைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தென்படவில்லை.

3. சாமான்களும் செலவும்

பாத்திரம் கழுவும் திரவம், நிறமில்லாதது அல்லது லேசான நிறமுள்ளது: 5, 6 வெள்ளி. கையை மிருதுவாக்கும் லோஷன் கலந்ததை எடுக்காதீர்கள். சோள மாவு ஒரு பாக்கெட்: 4 வெள்ளி. மிருதுவான பல்துலக்கி: 3 வெள்ளி. என்சைம் உள்ள சலவைத் திரவத்தின் சிறிய பாக்கெட்: 8, 9 வெள்ளி. இது பழைய கறைக்கு மட்டும்தான், புதுக் கறைக்கு வேண்டாம். வெள்ளைத் துண்டு நான்கும், குழந்தையைக் குளிப்பாட்டும் பெரிய பேசினும் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் கடன் வாங்குங்கள். இவை நான் கோலாலம்பூர் செந்தூல் பக்கத்தில் வாங்கிய விலைகள், உங்கள் கடையில் ஒன்றிரண்டு வெள்ளி கூடலாம், குறையலாம்.

வாங்க வேண்டாதவை: வினிகர், பேக்கிங் சோடா, குளோரின் ப்ளீச். வினிகர் எண்ணெயைக் கரைக்காது. வினிகரையும் சோடாவையும் சேர்த்தால் நன்றாக நுரைக்கும், பார்க்க வேலை நடப்பது போலிருக்கும், ஆனால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிட்டு வெறும் உப்புத் தண்ணீராக நிற்கும். ப்ளீச் நிறத்தைத்தான் எடுக்கும், எண்ணெய் அப்படியே கிடக்கும். அதோடு ப்ளீச்சையும் வினிகரையும் ஒரே வாளியில் கலந்தால் விஷவாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

4. சட்டை, உறை, மெல்லிய துணி

மாவை உதறிவிடுங்கள். துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கறைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கறையைப் பின்னாலிருந்து வெளியே தள்ளத்தான் இந்த ஏற்பாடு. காய்ந்த துணியின் மேலேயே பாத்திரத் திரவத்தை விடுங்கள், இரண்டு மூன்று சொட்டு. தண்ணீர் முதலில் பட்டுவிட்டால் நூலுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டு சோப்புக்கு இடம் விடாது. பல்துலக்கியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டித் தட்டி விடுங்கள். 15 நிமிடம் காத்திருங்கள்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். குழந்தைக்கு ஊற்றும் சூடு, 40 டிகிரி பக்கம். நெய்யும் பாமாயிலும் இளக அது போதும், அதற்கு மேல் தேவையில்லை. வழுவழுப்புப் போகவில்லை என்றால் இன்னொரு தடவை. அவ்வளவுதான், வழக்கம்போல் துவைத்து நிழலில் காயவிடுங்கள்.

மஞ்சள் கலந்த கறி என்றால் சோப்புப் பட்டதும் கறை சிவப்பாக மாறும். நான் துணியே போச்சு என்று அலறினேன். சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் செய்யும் வேலை அது, அலசினால் திரும்ப மஞ்சளாகும். எண்ணெய் முழுக்கப் போன பிறகு மிச்சமிருக்கும் அந்த மஞ்சள் நிறத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ஈரமாகவே இரண்டு மூன்று பகல் வெயில் காட்டினால் வெளிறிவிடும். ஆனால் எண்ணெய் போவதற்கு முன் வெயிலில் போடாதீர்கள்.

5. போர்வை: மூன்று அடுக்கையும் நினைவில் வையுங்கள்

என்னை மூன்று வாரம் ஏமாற்றியது இந்த இடம்தான். மேல்துணியைச் சுத்தம் செய்வேன், கறை போய்விடும். காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப நிற்கும். பேயா பிசாசா என்று என் கணவரே கேட்டார். காரணம் எளிது. கறி கொட்டியபோது எண்ணெயில் பெரும்பகுதி நடுப்பஞ்சுக்குப் போய்விட்டது. மேலே துடைத்தது மேலே இருந்ததை மட்டும். போர்வை காயும்போது ஈரம் மேல்நோக்கி ஏறி ஆவியாகிறது, பஞ்சில் இருக்கும் எண்ணெயையும் சோப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்து மேல்துணியில் விட்டுப் போகிறது. ஆகவே வேலை பஞ்சில் நடக்க வேண்டும்.

இதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். 7.30-க்குத் தொடங்கினால் 10.30-க்குள் முடியும், மதிய மழைக்கு முன் கொஞ்சம் காற்றும் கிடைக்கும்.

முதலில் போர்வையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெய் அதுவரை இறங்கியிருந்தால் பின்துணியிலும் நிழல் தெரியும். கறையின் ஓரத்தைச் சுற்றி வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாக ஒரு கோடு ஓட்டுங்கள். ஈரமானதும் கறை எங்கே இருந்தது என்றே தெரியாது, இந்த நூல்தான் வழிகாட்டும். பேனா, பென்சில் எதுவும் வேண்டாம்.

கறைக்கு அடியில் துண்டை நான்காக மடித்து வையுங்கள். பாத்திரத் திரவம் ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் நான்கு தேக்கரண்டி கலந்து, கறை மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்துவது மட்டும்தான், கசக்கக் கூடாது, கைத்தையல் நூல் அறுந்துவிடும். 10 நிமிடம் கழித்து வெறும் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு குவளை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் மூன்று அடுக்கையும் கடந்து அடித்துண்டில் இறங்கும், எண்ணெயும் கூடவே இறங்கும். துண்டை மாற்றுங்கள். என் போர்வைக்கு முதல் துண்டு இளமஞ்சளாக வந்தது, மூன்றாவது வெறும் நுரையோடு வந்தது. துண்டில் நிறமும் வழுவழுப்பும் நிற்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு போர்வையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமிருந்தும் ஒருமுறை.

அந்த இடத்தை மட்டும் நனைத்து அப்படியே காயவிட்டால் வளையம் விழும். சலவைக் கடைக்காரர் எனக்குப் பரிசாகக் கொடுத்த வளையம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஈரம் பரவி நின்ற எல்லையில் அழுக்கும் சோப்பும் தங்கிக் கோடாகிவிடும். அதனால் கறையை எடுத்த கையோடு முழுப் போர்வையையும் நனைத்து அலசிவிடுங்கள். (சாயச் சோதனையில் தோற்ற போர்வையை முழுக்க நனைக்காதீர்கள், அது படி 9.)

பேசினில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, அதற்குள் போர்வையை மடித்து வைத்துத் தண்ணீர் விடுங்கள். எடுக்கும்போது பெட்ஷீட்டின் நான்கு மூலையையும் பிடித்து இரண்டு பேராகத் தூக்குங்கள். ஈரப் பருத்திப் போர்வை கல் போலக் கனக்கும், ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் தையல் படபடவென்று விடும். என் போர்வையில் இரண்டு சதுரம் இப்படித்தான் பிரிந்தது. நுரை வராத வரைக்கும் அலசுங்கள், எனக்கு 6 தண்ணீர் ஆனது. மிச்சம் விட்ட சோப்பு பிறகு அழுக்கை இழுத்து இன்னொரு கறையாகும். துணி மிருதுவாக்கியைக் கடைசித் தண்ணீரில் விடும் பழக்கம் இருந்தால் இந்த ஒருமுறை விட்டுவிடுங்கள். அதுவே எண்ணெய்த் திட்டு போல நீலமாகப் படிவதுண்டு.

6. காயவைப்பது

முறுக்கிப் பிழியாதீர்கள். போர்வையைப் பெரிய துண்டுகளோடு பாய் சுருட்டுவது போல் சுருட்டி, மேலே ஏறி நில்லுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வந்து குதிப்பார்கள், குதிக்க விடாதீர்கள், நடக்கவிடுங்கள்.

ஒரே கம்பியில் தொங்கவிட்டால் கனம் முழுவதும் ஒரு கோட்டில் விழும். இரண்டு மூன்று கம்பிகளில் பரப்பிப் போடுங்கள். பால்கனியில் துணி காயப்போட விடாத கொண்டோவில் இருந்தால் மடக்குத் துணி ஸ்டாண்டைக் கூடத்தில் விரித்து மேசை ஃபேனைத் திருப்பி வையுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. தீபாவளி நெருங்கும் அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் பெரும்பாலான மாலைகளில் மழை கொட்டும், அப்போது இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு சுடும் எண்ணெய் தெறிப்பதும் சரியாக அதே வாரத்தில்தான், என்ன செய்வது.

டிரையர் வேண்டாம். அவசரம் என்றாலும் வேண்டாம். எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் சேர்ந்து கெட்டிப்பட்டுத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கறி தாளித்த சட்டியின் வெளிப்புறத்தில் பழுப்பாகப் பிசின் போல ஒட்டியிருக்குமே, அதே சங்கதி. எண்ணெய் மிச்சமுள்ள துணிகளை டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்துக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு.

7. போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நனைந்த துணி முழுக்க அடர்நிறமாக இருக்கும், எண்ணெய்த் திட்டும் அதில் கரைந்து நிற்கும். முழுக்கக் காய்ந்த பிறகு இன்னொரு 24 மணி நேரம் விட்டு, காலை வெளிச்சத்தில் சன்னல் பக்கம் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். டியூப் லைட்டில் தப்பிவிடும். ஒரு வெள்ளை டிஷ்யூவை வைத்துக் கனமான புத்தகத்தை மேலே ஏற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். டிஷ்யூவில் கண்ணாடி போல ஒரு புள்ளி ஊறியிருந்தால் பஞ்சில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. படி 5-ஐத் திரும்பச் செய்யுங்கள். மூன்று சுற்று வரைக்கும் பலன் தெரியும். அதற்கு மேல் செய்தால் கறையைவிடத் தையல்தான் முதலில் போகும்.

8. டிரையரில் போட்டுச் சுட்ட கறை, மாதக்கணக்கான கறை

என் கதை இதுதான் என்பதால் நம்பிக்கையோடு சொல்கிறேன், முழுதாகப் போகாவிட்டாலும் முக்கால்வாசி போகும்.

கெட்டிப்பட்ட எண்ணெயை இளக்கப் புது எண்ணெயே உதவும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். நிறமில்லாத பேபி ஆயிலைப் பஞ்சில் தொட்டுக் கறை மேல் மட்டும் தடவி 20 நிமிடம் விடுங்கள். பிறகு உடனே பாத்திரத் திரவத்தோடு படி 4 அல்லது 5. பழைய எண்ணெய் புதிதோடு சேர்ந்து வெளியேறும். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள், போர்வையில் மிகக் கொஞ்சமாகத் தடவுங்கள்.

இன்னும் மஞ்சள் நின்றால் என்சைம் சலவைத் திரவம். எண்ணெயை உடைக்கும் என்சைமுக்கு 30, 40 டிகிரிதான் பிடிக்கும், கொதிநீரில் அது செத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் மட்டும் இது, பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது, நூலையே அரிக்கும். கடைசியில் வெளிர்மஞ்சள் நிழல் மட்டும் நின்றால் ஆக்சிஜன் வகை ப்ளீச் தூளை, சாயம் நிற்கும் பருத்தியில் மட்டும், பாக்கெட்டில் சொன்ன அளவில் போட்டுப் பாருங்கள்.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மோட்டார் பட்டறையில் கை கழுவும் பழக்கத்திலிருந்து வந்த யோசனை. சமையலறையில் கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்கும் வீட்டில் அதைத் திறக்காதீர்கள், அதில் நனைத்த துணியை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள்.

9. பட்டு, பாத்திக், சாயம் போகும் துணி

கோயிலில் விளக்கு எண்ணெய் சொட்டிய பட்டுப் புடவைக்கு வீட்டில் செய்ய வேண்டியது மாவு மட்டும். இரவு முழுவதும், இரண்டு முறை. ஜரிகை இருந்தால் அதன் மேல் தேய்க்கவே வேண்டாம். அப்புறம் டிரை கிளீன். கைவேலைப் பாத்திக்கும், ஜரிகை நெய்த மலாய்த் துணியான சோங்கெட்டும் இதே கணக்கு. சாயம் போகும் ஒட்டுப்போர்வையைக் கடையில் கொடுப்பதற்கு முன்பும் மாவு வேலையை நீங்களே முடித்துவிடுங்கள். கடையில் அதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.

10. கடையில் கொடுக்கும்போது: படம், சீட்டு, கேள்வி

என் தலையில் குட்டிக்கொண்ட இடம் இது. ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் மூட்டையாகக் கொடுத்தேன். ரசீதில் 'போர்வை 1' என்று மட்டும் எழுதியிருந்தது. வளையத்தோடு திரும்பியபோது "முன்னாடியே இருந்ததுக்கா" என்றார் கடைக்காரர். என்னிடம் ஆதாரம் இல்லை.

கொடுப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முழுப் போர்வை ஒன்று, கறை அருகில் ஒன்று, தையல் பிரிந்த இடம் இருந்தால் அதுவும். கறை எதனால் வந்தது, நீங்கள் அதன் மேல் என்னென்ன போட்டீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். தமிழ் புரியாத கடையில் 'கெசான் மிஞ்ஞாக்' என்றால் எண்ணெய்க் கறை, 'ஜாங்ஙான் குனா டிரையர்' என்றால் டிரையர் போடாதே. கேட்க வேண்டிய கேள்வி மூன்று: இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? தண்ணீரிலா, டிரை கிளீனா? கறை போகாவிட்டால் மறுபடி செய்வதற்குக் காசு உண்டா? பதிலை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கைத்தையல், பஞ்சு எந்த வகை, டிரையர் கூடாது, இந்த மூன்றும் ரசீதில் கண்டிப்பாக இருக்கட்டும். என்னிடம் போர்வைக்கு 35 வெள்ளி வாங்கினார்கள், 5 நாள் ஆனது. வாங்கும்போது கவரைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

கெட்டுப்போய்த் திரும்பினால், பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மலாயில் 'த்ரிபுனால் துந்துத்தான் பெங்குனா'. 1 எண் படிவத்தை நிரப்ப வேண்டும், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை நடந்த 3 வருடத்துக்குள் பதிய வேண்டும். ரசீது, படங்கள், கடையோடு நடந்த வாட்சப் உரையாடல் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஓர் அறிவிப்பு ஒட்டிப் பறித்துவிட முடியாது. நான் போகவில்லை. ரசீதும் படமும் இல்லாமல் போய் என்ன சொல்வது?

11. மடித்து வைப்பதற்கு முன்

இரண்டு வாரம் கண்ணில் படும் இடத்தில் விரித்தே வையுங்கள். பஞ்சில் மிச்சம் இருந்தால் அதற்குள் மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு பிளாஸ்டிக் பையில் போடாமல் பழைய தலையணை உறைக்குள் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

என் போர்வையில் பச்சைச் சதுரம் ஒன்றில் மட்டும் ஒரு காசு அளவு நிழல் நிற்கிறது. மூன்று சுற்றும் முடிந்துவிட்டதால் நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். மாமியார் வந்தபோது மறைத்து வைக்கப் பார்த்தேன், நேராக அந்தச் சதுரத்திலேயே விரலை வைத்தார். "இது ஒன்னுதானா? பிரிச்சு வேற துணி வச்சுத் தரேன் போ" என்று ஊசியைத் தேடினார். ஒரு சதுரம் மாற்ற அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் மூன்றாவது சுற்றுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.